வடக்கு வாசல்

நெய்வேலி
5.9.2016

அன்புள்ள எழில்மதிக்கு,

நீ போட்ட பிளானில் இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று கோயில்காரர்களுக்கு, இன்னொன்று கான்ட்ராக்ட் ஆட்களின் பிள்ளைகளுக்கு. இதை எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிக்கிறேன். நானும் அப்பாவும் சுகம், புனேயில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன், கோபத்தோடுதான். போனில் இந்தப் பேச்சை எடுத்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய், இரண்டு முறை ஆயிற்று. கடிதத்தை அப்படி வைக்க முடியாதே.

அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கவில்லை, கேன்டீன் வடையை விட்டால்தானே இறங்கும். உன் தம்பி இனியனுக்கு இந்த வருஷமும் பெர்மனென்ட் இல்லை, ஏழு வருஷமாக மைன்ஸில் அதே கான்ட்ராக்ட், மந்தாரக்குப்பத்தில் அதே வாடகை வீடு. உமாராணி ஜவுளிக்கடை வேலைக்குப் போவதால் குழந்தை தமிழ்நிலாவை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறாள். என்னிடம் விடலாம், அந்தத் தெருவில் மற்றவர்கள் யாரிடம் விடுவார்கள்? அதனால்தான் கோயில் கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். புதுக் கோயில் கட்டியபிறகு எட்டு வருஷமாக வௌவால் குடியிருக்கும் பழைய கோயிலைச் செப்பனிட்டு, பகலில் குழந்தைகள் காப்பகம், மாலையில் படிப்பகம், எந்தச் சாதி எந்த மதம் என்று கேட்காமல் எல்லோருக்கும் என்று தீர்மானம் போட வைத்தேன். என் மகளே பிளான் போட்டுத் தருவாள் என்று பீற்றிக்கொண்டதும் நான்தான். இப்போது அனுபவிக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை கொத்தனார் கொளஞ்சிநாதன் உன் பிளானைப் பார்த்து வடக்குச் சுவரின் பூச்சை உதிர்த்தார். உள்ளே ஒரு வாசல் அளவுக்கு வேறு செங்கல். "யம்மா, யாருங்க இத அடைச்சது? மட்டமும் பாக்கல, தூக்குக்குண்டும் பாக்கல, குடிச்சிகினு கட்டுன மாரி இருக்குது" என்று சிரித்தார். குடிக்கவில்லை எழில். என் அப்பாவும் எங்கள் தெருக்காரர்கள் ஒன்பது பேரும் கட்டியது அது. நாற்றும் கதிரரிவாளும் பிடித்த கைகள், கரண்டி பிடித்தது அன்றுதான். எனக்குப் பத்து வயது, தண்ணீர் சுமந்தேன். அதுவரை நாங்கள் அந்த வடக்கு வாசலில் நுழைந்து, வடக்கு ஓரத்தில் உட்கார்ந்து, நற்கருணையையும் கடைசியில்தான் வாங்குவோம். ஒரு குருத்தோலை ஞாயிறன்று, பூசைக்கு முன்னால் அந்த வாசலை அடைத்துவிட்டு, ஓலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோரும் முன்வாசலில் நுழைந்தோம். ஊர்த்தெருக்காரர்கள் மூன்று வாரம் பூசைக்கு வரவில்லை. பிறகு வந்தார்கள், அவர்களுக்கும் வேறு கோயில் இல்லை. நீ குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், உனக்கு பிளாக் நம்பர்தான் தெரியும், சொல்லாதது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிறிஸ்துமஸுக்கு வந்து டேப்பால் அளந்தபோது, பூச்சில் ஓடிய வெடிப்பை வைத்தே இங்கே ஒரு வாசல் இருந்திருக்கிறது என்று கண்டுபிடித்தாயே, ஏன் அடைத்தார்கள் என்று பக்கத்தில் நின்ற என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லையா? காற்றுக்காகத் திறந்திருப்பாய். அதோடு விட்டாயா? 'சர்வீஸ் என்ட்ரி' என்று பெயரும் எழுதிவைத்தாய்.

அந்தப் பெயரைத்தான் கமிட்டி கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கோயில்காரர்களின் பிள்ளைகள் வரும் படிப்பகத்துக்கு முன்வாசல், கான்ட்ராக்ட் ஆட்களின் பிள்ளைகள் வரும் காப்பகத்துக்கு வடக்கு வாசல், நடுவில் ஒரு தடுப்பு. "எல்லாருக்கும்னுதான தீர்மானம், ஒரே வாசல்னு எங்க எழுதியிருக்குக்கா? பசங்க சேத்துக் காலோட வரும், முன்னாடி டைல்ஸ் போடுறோம் இல்ல" என்கிறார் செயலாளர் சவரிமுத்து. அந்தச் சுவருக்கு அன்று கலவை குழைத்ததே அவருடைய அப்பாதான். அதே தெரு, அதே வாசல். பெர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் வாங்கி, ரிட்டயரும் ஆனபிறகு அவருக்கு மற்றவர்கள் காலில் சேறு தெரிகிறது. நான் கத்தியதும் குரலைத் தாழ்த்தி, "உங்க பேத்தி வேணா முன்னாடியே வரட்டுங்க்கா, யாரு கேக்கப்போறா" என்றார். எனக்கு அதில்தான் உடம்பெல்லாம் எரிந்தது. நிலாவோடு மண்ணில் புரளும் எதிர்வீட்டுப் பிள்ளை எந்தப் பக்கம் வரும் என்று கேட்டேன். "பிளான் போட்டது உங்க பொண்ணு, எங்களத் திட்டுறீங்களே" என்றார். மொத்தக் கூட்டமும் சிரித்தது. உன்னைப் படிக்க வைத்த நான் அங்கிருந்து நேராகக் கொத்தனாரிடம் போனேன்.

கொளஞ்சிநாதன் மட்டும் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கடப்பாரையைக் கீழே வைத்தார். "பதினேழாந் தேதி சனிக்கெழம வரைக்கும் மேக்கூர வேலய பாத்துகினு இருக்கேங்க, அதுக்கு மேல இழுத்தா என் வேல பூடும்" என்றார். அவரும் கூலிக்காரர், அதற்குமேல் அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆகவே அதற்குள் நீ அந்த வாசலைப் பிளானிலிருந்து எடுத்துவிட்டு, காற்றுக்கு உயரத்தில் ஜன்னல் வைத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பு. சவரிமுத்துவுக்கு அனுப்பாதே, என் பெயருக்கு அனுப்பு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நானே படித்துக் காட்டுகிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

ஈரத்தலையோடு ஆபீஸ் போகாதே, அங்கே இன்னும் மழை என்று டிவியில் பார்த்தேன். முந்திரிப்பருப்பு அனுப்பிய எவர்சில்வர் டப்பாவை மறக்காமல் எடுத்துவா, அது உமாராணியுடையது. எவ்வளவு கோபம் இருந்தாலும் உன் நெற்றியில் இங்கிருந்தே சிலுவை வரைகிறேன், கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் அம்மா,
சலேத்துமேரி

நேற்று நிலாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டடத்தைக் காட்டினேன். உதிர்ந்து கிடந்த பூச்சு முன்னால் நின்று, "ஆயா, நாம்ப எப்டி உள்ள போறது?" என்று கேட்டாள். அத்தைதான் சொல்லவேண்டும் என்றேன். சொல்.