ஒப்பமிடாத சொல்

அன்பு மகளுக்கு,

நானும் உன் மகன் வாண்டுவும் நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சோதித்துப் பார்க்காத எதையும் எழுதுவது என் தொழிலுக்கு ஒவ்வாது. இருந்தாலும் அவ்வளவு தூரத்தில் இருக்கும் மகளின் உடல்நிலையைச் சோதிக்க எந்த ஆய்வகத்திலும் கருவி கிடையாது. உனக்கு வேண்டிய செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ எந்தக் கடிதத்திலும் செய்தி வரும்வரை பொறுக்காதவள். உன் கடைசி ஆண்டுக் கட்டணத்தில் முதல் பாதியைக் கட்டிவிட்டேன். மறுபாதியைத் தேர்வுக்கு முன் கட்டினால் போதும் என்று உங்கள் கல்லூரி அலுவலகத்து அம்மையார் ஒத்துக்கொண்டார். ஆகவே "ஒரு வருஷம் நிறுத்திட்டு அப்புறம் பாத்துக்கலாம்ப்பா" என்று போன வாரம் தொலைபேசியில் நீ சொன்னதை நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. பணம் எப்படி வந்தது என்று கேட்பாய். சேமநிதியில் முன்பணம் எடுத்தேன், ஸ்கூட்டரை விற்றேன், விடுமுறை நாட்களில் அடுக்குமாடி கட்டுகிறவர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்துக் கொடுக்க ஒரு தனியார் ஆய்வகத்தில் சேர்ந்திருக்கிறேன். திட்டாதே. ஸ்கூட்டர் போனதில் வாண்டுவுக்கு ஏக சந்தோஷம். பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைக்காத நாளில்தான் அவனுக்கு வாழ்க்கை வெறுக்கிறது.

அவனுக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டன. பள்ளியில் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, நான் சொல்லிக்கொடுத்தபடி செவிலியர் படிப்பு படிக்கிறார் என்று காற்று கலந்த உச்சரிப்பில் சொல்லியிருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் செவிலி என்றால் என்ன என்று கேட்டான். பழைய தமிழில் பெற்றவளுக்குப் பதிலாகப் பிள்ளையை வளர்க்கிறவளுக்கு அந்தப் பெயர் என்று விளக்கினேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப நீங்கதானே தாத்தா செவிலி? அம்மா வெறும் நர்ஸ்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். மறுநாள் பேருந்து நடத்துநரிடமும் என்னை அப்படியே அறிமுகப்படுத்தினான். அவர் என் மீசையைப் பார்த்தார், சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பள்ளி விட்டு நான் வரும்வரை அவனைப் பார்த்துக்கொள்பவர் எதிர்வீட்டுத் தையல்காரம்மாதான். கூலி வாங்க மறுக்கிறார். அதற்குப் பதிலாக, "சார், எங்க கிணத்துத் தண்ணி நல்ல தண்ணின்னு ஒரு சர்டிபிகேட் மட்டும் குடுத்துடுங்க" என்றார். சோதித்தேன், கடினத்தன்மை வரம்பை மீறியிருந்தது, அப்படியே எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, ஆனால் வாண்டுவின் கால்சட்டைக்கு மட்டும் பொத்தான் வைத்து அனுப்பினார். இப்போது காய்ச்சிக் குடிக்கிறார், பேச்சும் திரும்பிவிட்டது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. குடிநீர் வாரியத்தில் சேர்ந்த நாள் முதல் என் கையெழுத்து ஒரே இடத்தில்தான் விழுகிறது: குடிக்கத் தகுந்தது, அல்லது குடிக்கத் தகாதது என்ற சொல்லுக்குக் கீழே. அந்த ஒரு சொல்லை நம்பி ஓர் ஊரே குழாயைத் திறக்கிறது. அப்படிப்பட்டவனிடம்தான் உன் பெரியப்பா ஒரு சொல்லை நீட்டினார். நம் குடும்ப அறக்கட்டளையின் கல்வி உதவிக்கு உன் பெயரை எழுதிக் கொடுத்திருந்தேன் அல்லவா. அது பிச்சை இல்லை. என் முதல் சம்பளத்திலிருந்து மாதம் தவறாமல் நானும் போட்டு வந்த பணம். செயலாளர் என்ற முறையில் பெரியப்பா என்னை வீட்டுக்கு அழைத்தார். பிளாஸ்டிக் உறை கழற்றாத அந்த சோபாவில் என்னை உட்காரவைத்து, தொலைக்காட்சியின் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு, ஒரு தாளைக் கொடுத்தார். அதில் இருந்த வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் தருகிறேன்: "மேற்கண்ட பெண் ஆதரவற்றவர் என்று குடும்பத் தலைவர் என்ற முறையில் சான்றளிக்கிறேன்." இரண்டு முறை படித்தேன். ஒரு பெண்ணுக்கு ஆதரவே இல்லை என்பதற்கு அவளுடைய அப்பன் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து விழுந்த அந்த நொடியே அந்த வாக்கியம் பொய்யாகிவிடும் என்பது அதை எழுதியவருக்கும் தட்டச்சு செய்தவருக்கும் இத்தனை ஆண்டுகளாகக் கீழே ஒப்பமிட்டவர்களுக்கும் தோன்றவில்லை. ஆண்டுவிழா மேடையில் நீ வாண்டுவோடு நின்று காசோலையை வாங்கிப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை.

அந்தச் சொல்லை மட்டும் மாற்றி, தனியே குடும்பம் நடத்தும் பெண் என்று எழுதிக்கொள்ளலாமா என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அப்படி எழுதினால் விதியில் இடமில்லையாம். "ஒரு வார்த்தைதானேடா, அது என்ன கடிக்கவா போகுது? பாவம்னு தெரிஞ்சாத்தான் குடுக்கறவனுக்கும் கை நீளும். போட்டுட்டு செக்கை வாங்கிட்டுப் போவியா" என்றார். நான் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தும் அளவுக்கு அந்த அறையில் எதுவும் இல்லை. ஆனால் வாசலில் செருப்பை மாட்டும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. உன் அம்மா போனபின் உன்னைத் தனியாக வளர்த்தவன் நான். உனக்குச் சடை பின்னத் தெரியாமல் ரப்பர் வளையத்தில் முடியைச் சிக்கவைத்து உன்னை அழவைத்தவன். அப்போது இதே அறக்கட்டளையின் ஆண்டுவிழாவில் இதே உன் பெரியப்பா ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, தனி ஆளாக நின்று மகளை வளர்க்கும் என் தம்பி பொறுப்பின் இலக்கணம் என்று முழங்கினார். கைதட்டினார்கள். துணை இல்லாமல் பிள்ளையை வளர்த்த ஆண் பொறுப்பின் இலக்கணம். அதே காரியத்தைப் படித்துக்கொண்டும், முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்துக்கொண்டும் செய்கிற பெண் ஆதரவற்றவள். ஒரே தண்ணீரை இரண்டு குடுவையில் ஊற்றி இரண்டு முடிவு எழுதுகிறவனுக்கு எங்கள் ஆய்வகத்தில் வேலை போய்விடும். இங்கே செயலாளர் பதவி கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். பணம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். நீயும் அன்று சரி என்று மட்டும் சொன்னாய். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா நம் வீட்டுக்கே வந்துவிட்டார், முகம் சிவந்து போய். அப்பன் மசியவில்லை என்றதும் உன்னையே தொலைபேசியில் பிடித்து, நீயே கையெழுத்துப் போட்டு அனுப்பு என்று கேட்டிருக்கிறார். நீ அவருக்குச் சொன்ன பதிலை அவர் வாயாலேயே, குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல வாசித்தார். "எனக்கு எங்கப்பா இருக்கார் பெரியப்பா. என் பையனுக்கு நான் இருக்கேன். இதுல ஆதரவில்லாதவங்க யாருன்னு நீங்களே சொல்லுங்க, அவங்க பேரை எழுதிக்கலாம்" என்றாயாம். கட்டணம் கட்டவில்லை என்றால் படிப்பே நிற்கும் என்று தெரிந்தும் சொன்னாய். நான் மறுத்தது உனக்குத் தெரியாது. நீ மறுத்ததை எனக்குச் சொல்லவில்லை. பெரியப்பா எழுந்து, "அப்பனும் மகளும் ஒரே அச்சு, நல்லா அனுபவிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வசையாகத்தான் சொன்னார். நான் பெற்ற பாராட்டுகளில் உண்மையானது அது ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டேன். அவர் போனபின் தேநீர்க் கோப்பைகளைக் கழுவினேன், வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினேன் என்று வாண்டு சொல்கிறான். "தாத்தா, கப்பு தேயப்போவுது" என்றான்.

இந்த மாதம் முதல் அறக்கட்டளைக்கு நான் போட்டு வந்த சந்தா உன் கட்டணத்துக்குப் போகிறது. வரும் பொதுக்குழுவில் அந்தச் சொல்லை விதியிலிருந்து நீக்க ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். வழிமொழிய யாரும் வரமாட்டார்கள் என்று பெரியப்பா நம்பிக்கொண்டிருக்கிறார். உன் சின்ன அத்தை வருகிறாள். அவள் தன் மகளுக்காக அந்தத் தாளில் கையெழுத்திட்டு அந்த மேடையில் நின்றவள். அதன்பின் நம் வீட்டு விசேஷம் எதற்கும் அவள் வந்ததில்லை, ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதும் இல்லை. சொல் கடிக்காது என்கிறவர்களுக்கு அவளைத்தான் காட்ட வேண்டும். நீ சொன்ன பதிலை அவளிடம் தொலைபேசியில் சொன்னேன். "அண்ணே, அந்தப் பொண்ணு சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "நான் வரேன்" என்று வைத்துவிட்டாள்.

நீ அங்கே இருந்து படிப்பை முடி. வாண்டுவுக்காகக் கவலைப்படாதே, அவனுக்குச் செவிலி இருக்கிறான். தேர்வு நெருங்கும்போது இரவு வேலையைக் குறைத்துக்கொள். வார்டில் நாள் முழுக்க நிற்கிற காலுக்கு மலிவான செருப்பு வாங்காதே, அந்தச் செலவை என் கணக்கில் எழுது. விடுதிக் குழாய்த் தண்ணீரை யார் நல்ல தண்ணீர் என்று சொன்னாலும், யார் சோதித்தார்கள் என்று கேள்; கேட்கக் கூச்சமாக இருந்தால் காய்ச்சிக் குடி. நீ தொட்ட நோயாளி எவரும் எழுந்து நடக்கட்டும், உன் மகன் உன்னைப் பார்த்து வளரட்டும், உன் உடம்பும் மனமும் குறைவில்லாமல் இருக்கட்டும். பெரியப்பாவின் தாள் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. அதில் கோடிட்ட இடம் காலியாகவே இருக்கும். என் ஒப்பம் இங்கே விழுகிறது.

சோதித்துப் பார்த்தேன். தகுந்தவள்.

இப்படிக்கு,
அப்பா