குடுத்தாச்சு, ஆனா

மார்ச் 4, செவ்வாய்

இன்று முந்நூறு படுக்கை விரிப்புகள். சலவைக்கூடத்து இஸ்திரி மேசைக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் நான். பேசாமல் இருந்தால் நின்றுகொண்டே தூங்கிவிடுவோம். அதற்குத்தான் எங்கள் விளையாட்டு. ஒருத்தி ஆசைப்பட வேண்டும். மற்றவள் "குடுத்தாச்சு, ஆனா" என்று அதில் மண்ணைப் போட வேண்டும்.

"ஒரு மாசம் லீவு வேணும்டி" என்றாள்.

"குடுத்தாச்சு. ஆனா கடுகும் கூட வருவாரு."

கடுகு எங்கள் சூப்பர்வைசர். எதற்கெடுத்தாலும் பொரிவார். அக்கா சிரித்த சிரிப்பில் ஒரு தலையணை உறை கருகிப்போனது.

மார்ச் 6

என் முறை. மழை கேட்டேன். "குடுத்தாச்சு, ஆனா நம்ம வீட்டுக்குள்ள மட்டும்." அவளிடம் நான் ஜெயித்ததே இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

காலையில், வேலை தொடங்கிக் கொஞ்ச நேரம் இருக்கும். அக்கா வலது கையை உதறிக்கொண்டே, "இந்தக் கை மரத்து மரத்துப் போகுதுடி. சரியாகணும்" என்றாள்.

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "குடுத்தாச்சு. ஆனா இனிமே அந்தக் கை உன் பேச்சைக் கேக்காது."

"பாவி" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவளும் பேசவில்லை. பேசியிருப்பாளா? விளையாட்டு முடிந்துவிட்டதே.

மத்தியானம் இஸ்திரிப்பெட்டி தரையில் விழுந்தது. பின்னாலேயே அவளும்.

மார்ச் 13

மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. "காலையிலயே கூட்டிட்டு வந்திருந்தா மருந்து கேட்டிருக்கும்மா" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரிக்குக் கடுகு வந்தார். இன்று பொரியவில்லை. "முன்னாடியே ஏதாவது சொன்னாங்களாம்மா?"

"இல்ல சார்" என்றேன்.

சொன்னாளே. என்கிட்டதானே சொன்னா. ஐயோ, என்கிட்டதானே சொன்னா.

மார்ச் 20

விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. அந்த முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். கதவுக் கொக்கியில் மாட்டி மடித்தேன்.

ஏப்ரல் 3

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரே ஒரு வார்த்தை திரும்பியிருக்கிறது: "ஆனா." தண்ணீர் வேண்டுமா என்றாலும் "ஆனா." வலிக்கிறதா என்றாலும் "ஆனா."

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா, "சில பேருக்கு அடிக்கடி சொன்ன வார்த்தை மட்டும் நிக்கும்" என்றார். எங்கள் விளையாட்டை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

"இதுக்கு மேல பெருசா எதிர்பாக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனார். அக்காவுக்கும் கேட்டிருக்கும். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

சாயங்காலம் கஞ்சி ஊட்டும்போது என்னையும் மீறி வாயில் வந்துவிட்டது. "அக்கா, நீ பேசணும்."

அவள் கண் என் பக்கம் திரும்பியது. "ஆனா" என்றாள். அதோடு நிற்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிற பார்வை. மீதியை நான் சொல்ல வேண்டுமாம்.

சொன்னேன். "குடுத்தாச்சுக்கா. ஆனா ஒரே ஒரு வார்த்தைதான்."

இடது பக்க வாய் மட்டும் சிரித்தது. கஞ்சி வழிந்தது, துடைத்துவிட்டேன். கிண்ணத்தைக் கழுவப் போனவள் வெகுநேரம் குழாயடியிலேயே நின்றிருந்தேன்.