ரிஸானாவோடு கொதிக்கும் ஏரிக்கு நடந்த நாள்

என் அன்பு ரிஸானாவுக்கு,

நீ போய் இரண்டு பனிக்காலம் முடிந்துவிட்டது. இவ்வளவு நாளும் உனக்கு ஒரு வரி எழுத எனக்கு மனம் வரவில்லை. போன சனிக்கிழமை உன் மகள் நஃப்லா இங்கே கனடாவில், மில்லிக்கனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அவளைப் பற்றிச் சொல்கிறேன். உன்னை விட உயர்ந்துவிட்டாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். உயிரியல் படிக்கிறாள். வருகிற கோடையில் டொமினிக்காவுக்குப் போய், கடற்கரையில் முட்டையிட வரும் பெரிய ஆமைகளைக் காவல் காக்கும் வேலையில் சேரப் போகிறாளாம். எங்கள் தீவுக்கேதான், ரிஸானா. சாப்பாட்டு மேசையில் இருந்து அதைச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"அன்ரி, அந்தக் கொதிக்கிற ஏரியில நீங்கள் ரெண்டு பேரும் அழுதனீங்களாம். உம்மா சொன்னவா. ஏனெண்டு கேட்டால் சிரிச்சுப்போட்டுப் போயிடுவா. ஏன் அழுதனீங்கள்?"

நீ அவளுக்குச் சொல்லவே இல்லை. எனக்காகத்தானா மறைத்தாய்?

என் கணவர் ரவிக்கு அந்தத் தீவில் குடிநீர்க் குழாய் பதிக்கும் மூன்று வருட வேலை கிடைத்தபோது, இங்கே எங்கள் சொந்தக்காரர் எல்லோரும் டொமினிக்கன் ரிப்பப்ளிக் என்றுதான் நினைத்தார்கள். "நல்லதுதானே, ஓல் இன்குளூசிவ் ஹோட்டல் எல்லாம் இருக்கு" என்று என் மச்சாள் வாழ்த்தினாள். நாங்கள் போய் இறங்கியது ஹோட்டலும் வெள்ளை மணலும் உள்ள இடத்தில் அல்ல. கடலுக்குள் இருந்து நேராக எழும்பிய பச்சை மலைகளுக்கு நடுவில். வருடத்தில் எத்தனை நாளோ அத்தனை ஆறு அங்கே உண்டு என்று ஊர்ச் சனங்கள் சொல்வார்கள். முதல் மாதம் எனக்கு மழையையும் நண்டையும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. நண்டு என் குசினிக்குள்ளேயே வந்து நின்றது.

பிறகு ஒரு சனிக்கிழமை, தலைநகரச் சந்தையில் ஈரப்பலாக்காய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு குரல். "ஓடாதை நஃப்லா, வழுக்கும்! விழுந்தியெண்டால் நான் தூக்க மாட்டன்!"

யாழ்ப்பாணத் தமிழ்! அட்லாண்டிக் கடலும் கரிபியன் கடலும் ஒரே மலையிலிருந்து தெரிகிற ஒரு தீவில்! ஈரப்பலாக்காயை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பினேன். பச்சை முக்காடும் ரப்பர் பூட்சும் போட்ட ஒரு பெண், ஏழு வயதுப் பிள்ளையைத் துரத்திக்கொண்டிருந்தாள். "நீங்கள் தமிழோ?" என்று நான் கேட்க, நீ நடுச்சந்தையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாய். உன் கணவர் அங்கே புடவைக் கடை வைத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த ஆறு வருடமும் உன் வீட்டாரைத் தவிர வேறு ஒருவரோடும் நீ தமிழில் கதைத்ததில்லை.

யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் இருந்த சோனகத் தெருவில் பிறந்தவள் என்றாய். எங்கள் வீடு அங்கிருந்து சைக்கிளில் பத்து நிமிடம் என்றேன். சிரித்தாய். எனக்கு அப்போதே உள்ளே ஒன்று குத்தியது.

உன்னால்தான் எனக்கு அந்தத் தீவு தெரிந்தது. ஞாயிறு வந்தால் என் மகனையும் உன் மகளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு ஆற்றைத் தேடிப் போவோம். கருங்கல் சுவர்களுக்கு நடுவே நீந்திப் போய் அருவிக்குக் கீழே நிற்கிற இடத்துக்கு, முக்காட்டை இறுக்கி முடிந்துகொண்டு நீதான் முதலில் குதித்தாய். இங்கே ஸ்காபரோவில் நீச்சல் குளத்தின் ஓரத்தில் காலை மட்டும் நனைத்த நான் உனக்குப் பின்னால் குதித்தேன். ஒருநாள் படகில் போனபோது, எங்கள் படகைவிடப் பெரிய ஒரு திமிங்கிலம் மூச்சு விட்டுவிட்டு வாலை உயர்த்திக் கீழே போனது. நீ அரை மணி நேரம் ஒரு சொல்லும் பேசவில்லை. அவ்வளவு நேரம் நீ பேசாமல் இருந்ததை நான் அன்றுதான் முதலில் கண்டேன்.

கொதிக்கும் ஏரிக்குப் போவோம் என்று சொன்னதும் நீதான். போக மூன்று மணித்தியாலம், வர மூன்று மணித்தியாலம். பிள்ளைகளை ரவியோடு விட்டுவிட்டு, எல்வின் என்ற வழிகாட்டியோடு காலையிலேயே புறப்பட்டோம். அவர் அறுபது வயது மனிதர். கையில் ஒரு வெட்டுக்கத்தி, பையில் ஆறு முட்டை. "முட்டை எதுக்கு?" என்று நான் கேட்டதற்கு, "அங்கே அடுப்பு இருக்கிறது" என்றார்.

காடு, பிறகு குளிர்ந்த ஆறு, பிறகு ஏணி போல ஏறுகிற மலை. உச்சியில் மேகம் எங்களுக்குக் கீழே நின்றது. மறுபக்கம் இறங்கினோம். அங்கே காடு சட்டென்று முடிந்தது. மஞ்சளும் வெள்ளையும் கறுப்புமாய் வெந்துபோன ஒரு பள்ளம். பூமி நூறு துளைகளால் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஒரு ஓடை பால் நிறம், பக்கத்து ஓடை மை நிறம். ஒன்று சுட்டது, ஒன்று குளிர்ந்தது. கந்தக மணத்தில் எனக்குத் தலை சுற்றியது. எல்வின் மிதித்த இடத்தையே மிதிக்கச் சொன்னார். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒரு அடி தள்ளி வைத்தேன். மேலோடு உடைந்து, என் வலது கால் கணுக்கால் வரை கொதிசேற்றுக்குள் போனது.

என்னை இழுத்து எடுத்தது நீ. சப்பாத்தைக் கழற்றி எறிந்து, என் காலைக் குளிர்ந்த ஓடைக்குள் பிடித்து வைத்து, உன் கையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாய். சப்பாத்து பாதத்தைக் காப்பாற்றிவிட்டது. கணுக்காலைச் சுற்றித்தான் கொப்பளம். என் கவனத்தைத் திருப்பத்தான் கதை சொன்னாய் என்று நினைக்கிறேன்.

"எனக்கும் ஒருக்கால் கால் இப்பிடிக் கொப்பளிச்சது, அக்கா. எட்டு வயசு. தொண்ணூறில, இயக்கம் எங்கட முஸ்லிம் சனம் எல்லாரையும் ஊரை விட்டுப் போகச் சொன்ன அண்டைக்கு. ரெண்டு மணித்தியாலம்தான் தந்தவை. ஒரு செருப்பு அறுந்திட்டுது, வெறுங்காலோட நடந்தனான். உம்மா தையல் மெசினைக் கொண்டுவரப் போறன் எண்டு நிண்டவா. விடேல்லை. அதுக்கு மேல தன்ர சீலையைப் போத்து மூடிப்போட்டு வந்தவா. தூசி பிடிக்குமாம். திரும்பி வருவம் எண்டுதானே நினைச்சவா."

நீ தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாய். என்னால் தாங்க முடியவில்லை. "ஊத்தாதை. என்ர காலைத் தொடாதை" என்று கத்தினேன். சூட்டு வலியால் கத்துகிறேன் என்று நீ நினைத்தாய்.

அப்போதுதான் சொன்னேன். நீங்கள் போய் ஒரு மாதத்தில், உங்கள் தெரு வீடுகளிலிருந்து எடுத்த சாமான்களை மலிவாக விற்றார்கள். என் அப்பா ஒரு தையல் மெசின் வாங்கிக்கொண்டு வந்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. அது எங்கிருந்து வந்தது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் கேட்கவில்லை. என் பள்ளிக்கூடச் சட்டை முழுக்க அதில்தான் தைத்தது.

உன் கை நின்றது. எழும்பிப் போய், தூரத்தில் ஒரு பாறையில் எனக்கு முதுகு காட்டி இருந்தாய். எல்வினுக்கு எங்கள் மொழி விளங்காது. ஆனால் ஏதோ விளங்கியிருக்க வேண்டும். அவர் என் பக்கம் வராமல், ஆவி வரும் குழி ஒன்றில் முட்டைகளை இறக்கிவிட்டுக் காத்திருந்தார். உனக்கும் எனக்கும் நடுவில் பூமி புகைந்துகொண்டிருந்தது. அவ்வளவு நேரமும் நீ என்ன நினைத்தாய், ரிஸானா? ஒருநாளும் நான் கேட்கவில்லை. இப்போது கேட்டு என்ன?

முட்டை வெந்த பிறகு வந்தாய். ஒன்றை உரித்து என் கையில் வைத்தாய். முகத்தைப் பார்க்கவில்லை.

"சாப்பிடுங்கோ. ஏரிக்கு இன்னும் முக்கால் மணித்தியாலமாம். போவம்."

"நான் இந்தக் காலோட எப்பிடி வாறது? திரும்புவம்."

"திரும்பினாலும் நடக்கத்தானே வேணும்? இவ்வளவு தூரம் வந்திட்டு அதைப் பாக்காமல் போகேலாது. எழும்புங்கோ அக்கா."

உன் முக்காட்டின் மேல் போட்டிருந்த சால்வையைக் கிழித்து என் காலைச் சுற்றினாய். என் கையை உன் தோளில் போட்டுக்கொண்டாய். அந்த முக்கால் மணித்தியாலமும் உன் மூச்சு மட்டும் என் காதில் கேட்டது.

ஏரி முதலில் தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது. ஒரு பெரிய கோயில் மடைப்பள்ளியில் எல்லா அண்டாவும் ஒன்றாகக் கொதிப்பது போல ஒரு சத்தம். காலுக்குக் கீழே பாறை அதிர்ந்தது. விளிம்பில் நின்று பார்த்தால் வெள்ளை ஆவி மட்டும். எதிரே மலை இல்லை, வானம் இல்லை. சில பேர் வந்து, இந்தப் புகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதும் உண்டு என்றார் எல்வின். நாம் நின்றோம்.

காற்று அடித்தது. திரையை இழுத்தது போல ஆவி ஒரு பக்கம் விலகியது. செங்குத்தான சுவர்களுக்கு நடுவே சாம்பலும் நீலமும் கலந்த தண்ணீர். அதன் நடுப்பகுதி, ஒரு பெரிய மிருகம் கீழே புரள்வது போலக் குமுறி எழுந்து உடைந்து, மறுபடி எழுந்தது. யாரும் மூட்டாத நெருப்பு. யாருக்காகவும் அணையாத நெருப்பு. நாம் பிறக்க முன்பும் கொதித்தது, நாம் போன பின்பும் கொதிக்கும். நீ "சுப்ஹானல்லாஹ்" என்றாய். நான் "முருகா" என்றேன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. காலில் வலி இருந்ததே மறந்துவிட்டது.

"அக்கா," என்றாய், "இது எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை, பாத்தீங்களா?"

அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாய். பிறகு நானும். மறுபடி ஆவி வந்து மூடியது. அப்போதுதான், நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை இரண்டு பேரும் கவனித்தோம். நீ விடவில்லை.

திரும்பும் வழியெல்லாம் மழை. ஆறு முழங்கால் வரை ஏறிவிட்டது. எல்வின் ஒரு பக்கமும் நீ மறுபக்கமுமாய் என்னைக் கரை சேர்த்தீர்கள். பொழுது படும்போது ஜீப்புக்கு வந்தோம். அதற்குப் பிறகு ஒரு கிழமை நீ வரவில்லை. நான் கட்டுப்போட்ட காலோடு வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எட்டாம் நாள் வந்தாய். கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னாய்.

"நான் மன்னிச்சிட்டனோ எண்டு கேக்காதேங்கோ, அக்கா. எனக்கே தெரியாது. ஆனால் உங்களை விட்டிட்டு இருக்கவும் எனக்கு ஏலாது. கால் ஆறினதும் சொல்லுங்கோ, பிள்ளையளை ஆத்துக்குக் கூட்டிக்கொண்டு போவம்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனை ஆறு போனோம்!

நாங்கள் கனடா திரும்பிச் சில வருடத்தில் புயல் ஒன்று உங்கள் கடைக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. நீங்களும் இங்கேயே வந்தீர்கள், எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். மறுபடியும் அதே பத்து நிமிடம். பிறகு உன் நோய். கடைசி மாதம் ஆஸ்பத்திரி ஜன்னலால் பனியைப் பார்த்து, "இந்த ஊருக்கு ஒரு கொதிக்கிற ஏரி வேணும், அக்கா" என்றாய். தாதி உன் சிரிப்பைக் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

இதெல்லாவற்றையும் போன சனிக்கிழமை நஃப்லாவுக்குச் சொன்னேன். மெசினையும் சேர்த்துத்தான். சோறு கோப்பையில் ஆறிப் போனது. அவள் எழும்பிப் போய்விடுவாள் என்று பயந்தேன்.

அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு மெதுவாக, "உம்மாட்டச் சொல்லிட்டீங்கள். ஆனால் மெசின் உம்மாட இல்லைத்தானே? உம்மம்மாட."

உன் மகள், ரிஸானா. இத்தனை வருடத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை, பார்த்தாயா? உன் உம்மா புத்தளத்தில் உயிரோடு இருக்கிறா. அவவோடு நான் ஒரு தடவை கூடப் பேசியதில்லை.

அன்றிரவே, புத்தளத்தில் விடியும் நேரம் பார்த்து, நஃப்லா போனை எடுத்துத் தந்தாள். நான் யார் என்று சொன்னேன். மெசினைச் சொன்னேன், கொதிக்கும் ஏரிக்குப் போன வழியில் அதை உன்னிடம் சொன்னதையும் சொன்னேன். அது உங்களுடையதோ வேறு ஒருவருடையதோ தெரியாது என்று சொன்னேன். மறுபக்கத்தில் ஒரு சேவல் கூவியது மட்டும் கேட்டது.

"அந்த மெசினை நான் மறக்கேல்லை, மகள்," என்றா உம்மா. "மறக்கவும் மாட்டன்." பிறகு குரல் மாறியது. "என்ர பிள்ளை ஏதோ ஏரிக்குப் போனவ எண்டு சொன்னீங்களே. கொதிக்கிற ஏரியா? எனக்குச் சொல்லவே இல்லையே. நான் பயந்திருப்பன் எண்டு நினைச்சிருப்பா. சொல்லுங்கோ மகள். முதல்ல இருந்து சொல்லுங்கோ. என்ன உடுப்புப் போட்டிருந்தவ?"

ஒரு மணித்தியாலம் சொன்னேன். முக்காடு, ரப்பர் பூட்ஸ், மலை, முட்டை, காற்று எல்லாம். நீ ஆற்றில் குதித்த இடத்தில் உன் உம்மா "அல்லாஹ்வே!" என்று சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது அப்படியே உன்னுடையது. நஃப்லா தன் முகத்தைச் சால்வைக்குள் மூடிக்கொண்டாள். போனை வைக்கும்போது உம்மா கேட்டா: "வாற வெள்ளிக்கிழமை திரும்ப எடுப்பீங்களா? இன்னும் கதை இருக்கா?"

இருக்கிறது, ரிஸானா. திமிங்கிலம் இருக்கிறது. சந்தை இருக்கிறது. நண்டு இருக்கிறது. நஃப்லா என்னையும் தீவுக்கு வரச் சொல்கிறாள். முழங்காலைப் பழக்க, காலையில் வீட்டுக்குக் கிட்ட உள்ள ரூஜ் பள்ளத்தாக்கில் ஏறி இறங்குகிறேன். போவேன். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வாக்கு. உன் உம்மா இருக்கும்வரை, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உன்னைப் பற்றி அவ அறியாத ஒரு கதையை அவவுக்குச் சொல்வேன். எனக்குத் தெரிந்தது தீர்ந்துபோனால், உன்னைத் தெரிந்த ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டு வந்து சொல்வேன்.

நீ கடைசிவரை "அக்கா" என்றே கூப்பிட்ட,
சுமதி