ஊதா நூல்

ஆம்பூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள பிரேமுக்கு,

ஸ்தோத்திரம். ஹெலன் எழுதுகிறேன். யாரும் என்னைத் தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன உனக்குக் கடிதம் போடுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். உன் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. ஸ்டிச்சிங்கில் உன் பக்கத்து மெஷின் ஷஹீன் பானு அக்காவிடம் நச்சரித்துத்தான் பெங்களூர் முகவரியை வாங்கினேன். அவர் மேல் கோபப்படாதே. நேரில் என்றால் எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் வராது என்று உனக்கே தெரியும்.

இங்கே எல்லாரும் சுகம். பாலாற்றில் தண்ணீர் வந்தது. ஊரே பாலத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. அம்மாவுக்கு முட்டி வலி குறையவில்லை. நீ பிரித்துத் தைத்துக் கொடுத்த ரவிக்கையைத்தான் சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போகிறாள். ஜெபத்தில் உன்னையும் சேர்த்திருக்கிறாள். உன்னை மகன் என்று சொல்வதா, மகள் என்று சொல்வதா என்று என்னைக் கேட்டாள். பெயரைச் சொல் அம்மா, போதும் என்றேன். அப்படியே சொல்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதை நாளைக் காலையே கூரியரில் போடுகிறேன், ஏனென்றால் வருகிற வியாழக்கிழமை காலை கம்பெனி பர்சனல் ஆபீஸில் உன் மேல் விசாரணை. நோட்டீஸ் பேரணாம்பட்டில் உன் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டது. உன் அப்பா கையெழுத்துப் போட்டு வாங்க மாட்டேன் என்றாராம். கேட்டில் சோதனைக்கு நிற்காமல் வெளியேறினாய், தோல் துண்டு எடுத்துப் போனதாகச் சந்தேகம் என்று எழுதியிருக்கிறார்கள். நீ வராவிட்டால் சந்தேகத்தை எடுத்துவிட்டுத் திருட்டு என்றே முடித்துவிடுவார்கள். அப்புறம் ராணிப்பேட்டை வரைக்கும் எந்த ஷூ கம்பெனியும் உன்னை உள்ளே விடாது.

நான் சாட்சி எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன எழுதினேன் என்பதைக் கீழே சொல்கிறேன். ஏதாவது தப்பாக இருந்தால் திருத்து. அவன், அவள் என்று போடாமல், நீ கேட்டுக்கொண்டபடி வந்தது, சொன்னது என்றே எழுதியிருக்கிறேன்.

நம் கம்பெனியில் ஐடி கார்டுக்கு ஆண்களுக்கு நீல நாடா, பெண்களுக்கு ரோஸ் நாடா. சாயங்காலம் கேட்டில் அதைப் பார்த்துத்தான் இரண்டு வரிசை. பிரேம் ஒரு நாள் பாதி நீலமும் பாதி ரோஸுமாக ஒரே நாடாவைப் போட்டுக்கொண்டு வந்தது. நடுவில் ஊதா நூலில் தையல். குழந்தைகள் ஷூ சாம்பிளுக்கு வந்து மிஞ்சிய நூல். கேட்டவர்களுக்கெல்லாம் போனில் ஒரு கொடியைக் காட்டியது. ரோஸ், ஊதா, நீலம் என்று அதே மூன்று நிறம். ஆணுக்குப் போடும் சின்னமும் பெண்ணுக்குப் போடும் சின்னமும் ஒரே வட்டத்தில் சேர்ந்த ஒரு அடையாளத்தையும் காட்டியது. இதற்கு ஆண்ட்ரோஜின் என்று பெயர், ஆணும் பெண்ணும் சேர்ந்தே நான், ஒன்றை மறைத்து ஒன்று இல்லை என்று சொன்னது.

கேலி பேசியதையும் எழுதினேன். “இன்னா பிரேமு, காலைல ஆம்பள, சாயங்காலம் பொம்பளயா?” என்று கட்டிங் ஆட்கள் கேட்டதற்கு நீ சொன்னதையும் விடவில்லை.

“எப்பவும் ரெண்டுந்தாண்ணே. பெல் அடிச்சா மாறுறதுக்கு இது இன்னா ஷிப்டா?”

அன்று கேண்டீனில் அவர்களே சிரித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் அமிர்தவள்ளி அம்மா மட்டும் பயபக்தியோடு அர்த்தநாரி அம்சம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமியெல்லாம் வேண்டாம், கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், டீ ஆறுகிறது என்றாய் நீ. இதைச் சாட்சியில் எழுதவில்லை. எனக்காக வைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த நாள். வெளிநாட்டுப் பார்ட்டி கம்பெனியைப் பார்க்க வந்திருந்தார்கள். புது செக்யூரிட்டி ஆபீசர் வேலாயுதம், ஏதாவது ஒரு வரிசையில் நில் என்றார். நீ இரண்டுக்கும் நடுவில் நின்றாய். ஆபீஸில் என் மேஜை கேட்டைப் பார்த்த ஜன்னலோரம் இருந்ததால் எல்லாம் தெரிந்தது. அவர் நாடாவைப் பிடித்து இழுத்தார். தையல் விடவில்லை. மறுபடி இழுத்தார். உன் கழுத்துதான் முன்னால் வந்தது, தையல் வரவில்லை. கடைசியில் கத்தரிக்கோல் வாங்கித் தையலுக்குப் பக்கத்தில் துணியை வெட்டினார். நீ கார்டைக்கூட எடுக்காமல் வெளியே நடந்தாய். கையில் டிபன் டப்பா மட்டும், அதுவும் மூடி இல்லாமல். அதில் தோல் துண்டை ஒளிக்க முடியாது என்றும் எழுதினேன்.

பர்சனல் மேனேஜர் நயீம் அகமது சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை.

“ஒண்ணும் பாக்கலன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடும்மா. உனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?”

“பாத்தேன் சார்” என்றேன்.

அவ்வளவுதான் வந்தது. ஆனால் வந்துவிட்டது. மறுநாளே என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். வீட்டில் முதல்முதலாகப் பட்டம் வாங்கியவள் அட்டைப் பெட்டி ஒட்டுகிறாள் என்று தெருவில் பேசுகிறார்கள். பேசட்டும்.

பேக்கிங்குக்கு மாற்றிய அன்று சாயங்காலம் கேட்டில் என் கால் ரோஸ் வரிசைக்குப் போகவில்லை. நீ நின்ற இடத்தில் போய் நின்றேன். நான் பெண்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த இடம் காலியாக இருப்பதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. லேடி செக்யூரிட்டி மேகலா, வரிசைக்கு வா என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். தலை குனிந்தபடி நின்றேனே தவிர நகரவில்லை. பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. பார்த்தால் ஷஹீன் அக்கா, புர்காவும் கையில் பையுமாக.

“இங்கதான் காத்து ஜாஸ்தியா வருது மேகலா. நீயே வந்து செக் பண்ணிக்கோ” என்றார்.

மேகலா சிரித்துக்கொண்டே வந்து சோதித்தாள். வேலாயுதம் அந்தப் பக்கம் திரும்பி யாருக்கோ போன் பேசினார். அன்றிலிருந்து தினமும் அங்கேதான் நிற்கிறோம்.

நீ வந்தாலும் வராவிட்டாலும் வியாழக்கிழமை நான் அந்த அறைக்குள் போய் எழுதியதை வாய்விட்டும் சொல்வேன். அதற்காக உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே.

இதுவரை கேட்காமல் வைத்திருந்த ஒன்றைக் கேட்கிறேன். வெட்டிய நாடாவைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். நீலத் துண்டோடு விரல் அகலத்துக்கு ரோஸ் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தையல் அப்படியே இருக்கிறது. என் தையல் லட்சணம் உனக்குத் தெரியும், அதனால் நான் தொடவில்லை. புதன்கிழமை வண்டி ஏறு. யாராவது பார்ப்பார்கள் என்று வாணியம்பாடியில் இறங்கி பஸ் பிடிக்காதே. ஆம்பூரிலேயே இறங்கு. அம்மாவும் நானும் பிளாட்பாரத்தில் நிற்போம். ஊதா நூல் இங்கே தீர்ந்துவிட்டது. அங்கிருந்து கொண்டு வா, நீயே தைத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போ.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் வரவை எதிர்பார்த்து,
ஹெலன்