கிரெகரின் பிள்ளைகள்

12.2.89 ஞாயிறு

இன்று எங்கள் லண்டன் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான், இவர், மகள் அருள்மலர், இல்ஃபோர்டிலிருந்து வந்த குகதாசன் அண்ணை, மலர் கலியாணம் கட்டப்போவதாகச் சொல்லும் ஸ்கொட்லாந்துப் பொடியன் டங்கன் மக்கிரெகர். ஐந்து பேர். வடை மிஞ்சியது.

பொடியன் சப்பாத்தை வாசலிலேயே கழற்றினான். சுவாமித் தட்டைப் பார்த்துத் தலை குனிந்தான் - மலர் சொல்லிக் கொடுத்திருப்பாள். அண்ணை ஊரில் சம்பந்தம் விசாரிப்பது போலவே தொடங்கினார். எந்த ஊர், தகப்பன் யார், பேர் எங்கேயிருந்து வந்தது. பொடியன் சலிக்காமல் சொன்னான். மக் என்றால் மகன். கிரெகர் என்பவரின் மகன். நாங்கள் ஒவ்வொரு தலைமுறையும் தகப்பன் பேரை மாற்றிப் போடுகிறோம், அவர்கள் ஒரு தகப்பனோடு நின்றுவிட்டார்கள். பழைய அரசர் வழி என்றும் சொல்லிக்கொள்வார்களாம்.

அண்ணை நிமிர்ந்து இருந்தார். "ராச வம்சமாம். உவைக்குச் சீதனம் குடுக்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது கனகம்" என்று எனக்குத் தமிழில் சொன்னார்.

பிறகு பொடியன் இவர் பக்கம் திரும்பி மரியாதையாகத்தான் கேட்டான். உங்கள் பெயருக்கு என்ன பொருள்?

இவர் எழும்பினார். பின்கதவைத் திறந்து தோட்டத்துக்குப் போய்விட்டார், கோட்டும் இல்லாமல். பொடியன் போகும்வரை உள்ளே வரவில்லை.

13.2.89

மலர் வேலைக்குப் போகுமுன் சொன்னது: "அப்பா வாய் திறந்து ஓம் எண்டு சொல்லாட்டில் நான் கட்டமாட்டன். டங்கன் ஏப்ரலிலை அபடீனுக்கு வேலைக்குப் போறான். தனியப் போவான். அவ்வளவுதான் அம்மா."

அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

அப்பாவுக்கு வெள்ளைக்காரனைப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறாள். அது இல்லை. என்னவென்று எனக்குத் தெரியும். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று இவருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். சொல்லவும் ஏலாது, சொல்லாமல் இருக்கவும் ஏலாது. முருகா, இதென்ன சோதனை.

15.2.89

பூசையில் மனம் நிற்கவில்லை. தேவாரத்தில் ஒரே அடியை இரண்டு தரம் பாடினேன்.

17.2.89 வெள்ளி

அண்ணை போன் எடுத்தார். "கேட்டியே கனகம், ராச வம்சமும் இல்லை, ஒண்டும் இல்லை. கொள்ளைக்காரக் கூட்டமாம். அந்தப் பேரையே அரசாங்கம் தடை செய்ததாம். எங்கட வேலைத்தலத்து ஸ்கொட்காரன் சொன்னவன்."

"எப்ப அண்ணை?"

"நானூறு வருசத்துக்கு முன்னம்."

"நானூறு வருசத்துக்கு முன்னம் எங்கட ஆக்கள் என்ன செய்தவை எண்டு தெரியுமே?"

"அது வேற கதை" என்று வைத்துவிட்டார்.

தடை செய்த பெயர். பகல் முழுக்க அது என்னை விடவில்லை. ஒரு பேரை எப்படித் தடை செய்வது?

20.2.89

வால்தம்ஸ்டோ நூலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் தடித்த புத்தகங்கள் எடுத்துத் தந்தாள். என் இங்கிலிஸ் ரேடியோ கேட்டுப் பழகியது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன்.

1603இல் சட்டம். மக்கிரெகர் என்ற பேரை வைத்திருக்கக் கூடாது, வைத்திருந்தால் மரணம். அயற்குலத்தோடு பெரிய சண்டை நடந்திருக்கிறது. இவர்கள் கையிலும் இரத்தம் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பேருக்காகவா? பலர் மரி என்றும் டிரம்மண்ட் என்றும் பக்கத்துக் குலங்களின் பேரைச் சொல்லி உயிர் தப்பினார்கள். சட்டத்தை இடையில் தளர்த்தி, மறுபடி இறுக்கி, 1774இல்தான் முற்றாக எடுத்தார்கள்.

புத்தகத்தை மூடினேன். மறுபடி திறந்தேன்.

83 ஆடிக் கலவரத்தில் கொழும்பில் பஸ்ஸை மறித்து, தமிழரைப் பிடிக்க ஒவ்வொருவராய்ப் பேர் கேட்டார்கள். இவர் "ரத்நாயக்க" என்று ஒரு சிங்களப் பேரைச் சொன்னார். பக்கத்துச் சீற்றில் இருந்த பாஸ்கரன் - கந்தோரில் இவரோடு வேலை செய்தவர் - தன் பேரையே சொன்னார். அவரை இறக்கினார்கள். இவர் அகதி முகாமில் ஒரு தரம் இதை எனக்குச் சொன்னார், பிறகு வாய் திறக்கவில்லை. மலர் அப்போது இங்கே படித்துக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தெரியாது. இங்கே வேலை செய்யும் பெற்றோல் நிலையத்தில் இவரைச் சாம் என்று கூப்பிடுகிறார்கள். திருத்துவதில்லை. யாராவது பேரைக் கேட்டால் எழும்பிவிடுவார்.

24.2.89 வெள்ளி

விளக்கு வைத்துவிட்டு, குசினியில் வைத்து இவருக்குச் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். படித்ததை மட்டும் சொன்னேன், வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. கத்தி நின்றது.

"வேற பேர் சொல்லித் தப்பினவையைப் பிறகு தங்கட சனம் என்ன சொன்னது?"

"அது புத்தகத்திலை இல்லை."

மிச்ச வெங்காயத்தையும் உரித்து முடித்தார். பிறகு, "பொடியனை வரச் சொல்லு."

மலருக்குச் சொன்னேன். "அப்பா கதைக்கப் போறாரோ, திரும்பவும் தோட்டத்துக்குப் போகப் போறாரோ?" என்று கேட்டாள்.

"தெரியாது பிள்ளை. பின்கதவைப் பூட்டி வைக்கிறன்."

25.2.89

ஒரு வேலையும் ஓடவில்லை. என்ன கேட்கப்போகிறார்? பொடியன் பகிடியாய் ஏதும் சொல்லிவிட்டால்? நான் சொல்லாமலே விட்டிருக்கலாமோ?

26.2.89 ஞாயிறு

வந்தான். குசினியில் என்னிடம் கேட்ட அதே கேள்வியை இவர் இங்கிலிசில் கேட்டார். பொடியன் யோசித்துத்தான் சொன்னான். அவனுடைய முன்னோர் பல தலைமுறையாய்ச் சேர்ச்சில் டிரம்மண்ட் என்றே பதிந்தார்களாம். சட்டம் போனபிறகு பழைய பேரைத் திரும்ப எடுத்தார்களாம். "அவர்களை யாரும் குறை சொன்னதாக எங்கள் வீட்டில் கதை இல்லை. டிரம்மண்ட் என்று சொன்னவர்களின் பிள்ளைகள்தான் நாங்கள். அவர்கள் அப்படிச் சொல்லியிராவிட்டால் மலரைக் கேட்டு வர நான் இல்லை."

இவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று என் பெயரின் பொருளைக் கேட்டாய் அல்லவா, என்றார். செல்வம், இரத்தினம் என்று பிரித்துச் சொன்னார். அதன்பிறகு பஸ்ஸைச் சொன்னார். பாஸ்கரனின் பேரையும் சொன்னார்.

மலர் எழும்பி வந்து தகப்பனின் காலடியில், கார்ப்பெட்டில் இருந்தாள். தேத்தண்ணி போடவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பொடியன் சப்பாத்துப் போடும்போது இவர் மலரிடம், "ஓம் பிள்ளை. கட்டு" என்றார்.

27.2.89

அண்ணைக்குப் போன். "அப்ப கொள்ளைக்காரரெண்டாலும் பரவாயில்லையோ?"

"எங்களிட்டை என்னத்தைக் கொள்ளையடிக்கப் போகினம் அண்ணை?"

சிரித்துவிட்டார். தாலிக்கொடி யாரிடம் செய்விக்கிறது என்று கேட்டார்.

5.3.89 ஞாயிறு

இவர் தானாகவே மேசைக்கு முன்னால் இருந்து டங்கனின் தகப்பனுக்கு இங்கிலிசில் கடிதம் எழுதினார். எல்லாவற்றுக்கும் முதல், மேலே தன் பேரை எழுதினார். முழுதாக. தபாலில் போடுமுன் அதைத் தமிழில் இங்கே எழுதி வைக்கிறேன்:

"அன்புள்ள திரு. மக்கிரெகர், நான் செல்வரத்தினம், அருள்மலரின் தகப்பன். எங்கள் கலியாண அழைப்பிதழில் தகப்பன் பேரோடு பாட்டன்மாரின் பேரும் போடுவது வழக்கம். ஆகவே உங்கள் பேரையும் உங்கள் தகப்பனார் பேரையும் முழுமையாக எழுதி அனுப்புங்கள். டிரம்மண்ட் என்று வாழ்ந்த முன்னோர் யாருடைய பேராவது தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அந்தப் பேரையும் அச்சிட விரும்புகிறேன். அச்சகக்காரர் காத்திருக்கிறார். தயவுசெய்து விரைவில் பதில் எழுதவும்."