மச்சான் திரும்பி வந்த நாள்

ராத்தா,

இன்றைக்குக் கல்முனை பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவர் மீது உன் புருஷனாக இருந்தவன் பூசிய அதே அத்தர் மணம். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. போக வேண்டிய இடம் வருமுன்பே காரைதீவில் இறங்கிவிட்டேன். நீ மௌத்தாகி மண்ணுக்குள் போய் ஆறு வருடம். உன் தங்கச்சி நான், பேரப்பிள்ளை கண்டவள். ஆனாலும் அந்த பஸ் கண்ணுக்கு மறையும்வரை மதிலோரம் ஒதுங்கி நின்றேன்.

எண்பதுகளின் தொடக்கம். அவன் உன் கையை முறித்த அன்று வாப்பா அவனைத் துரத்தினார். உனக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. அவன்தான் வெளியேற வேண்டியிருந்தது. இரண்டு மாதம் கழித்து ஓர் அஸர் தொழுகைக்குப் பிறகு, பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார்மார் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அழுதான். இனிக் கை நீட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தான். வாப்பாவின் முகம் இளகுவதைக் கண்டேன்.

மூத்த மரைக்கார் அவனை வைத்துக்கொண்டே உன்னிடம் கேட்டார்: "புள்ள, இவர் திரும்பி வந்தா ஒனக்குப் பயமா?"

"இல்ல" என்றாய்.

தேத்தண்ணி ஊற்றக் குசினிக்கு வந்ததும், கேத்தலைத் தூக்குமுன் நீ பின்கதவைத் தாழிட்டாய்.

"என்னத்துக்குப் பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

"ஓம் எண்டு சொன்னா, உள்ள வந்தாப் பொறகு அதுக்கும் சேத்து அடிப்பான்" என்றாய். பிறகு, இன்னும் தணிந்த குரலில்: "கைய முறிச்ச அண்டைக்குக் கழுத்தயும் நெரிச்சான். கண் இருட்டிட்டு. வாப்பாட்ட நான் சொல்லல்ல."

முன்விறாந்தைக்கு ஓடினேன். பெரியவர்கள் முன்னால் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "வாப்பா, இவர் ராத்தாட கழுத்த நெரிச்சிருக்காரு!"

அவன் மறுக்கவில்லை. கண்ணீர் காயாத முகத்தோடு குசினிப் பக்கம் பார்த்து, மெதுவாக, "இதையும் சொல்லிட்டியா?" என்றான்.

குரலில் கோபமே இல்லை. மூத்த மரைக்கார் எழுந்தார். "இவர உள்ள எடுக்காதீங்க. கூட்டி வந்தது என்ட பிழை" என்றார் வாப்பாவிடம்.

தலாக் முடியும்வரை பகலிலும் வாசல் படலையைக் கட்டி வைத்தோம். அவன் வீதியால் சைக்கிளில் போவான். நிற்கமாட்டான், பெல் மட்டும் அடிப்பான். கிணற்றடிக்குக்கூட நாம் சேர்ந்தே போனோம்.

அடுத்த வருடம், ஒலுவிலுக்கு அப்பால் ஓர் ஊரில் அவனுக்குக் கலியாணம் பேசியிருப்பதாகக் கேள்விப்பட்டோம். "அல்ஹம்துலில்லாஹ், தொல்ல முடிஞ்சிது" என்றார் உம்மா. நீ சோற்றில் கை வைத்தபடி கேட்டாய்: "அந்தப் புள்ளைக்கு ஆரு சொல்லுவா?"

கலியாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. யாரும் அங்கே போய்ச் சொல்லவில்லை. போனால் அவன் மறுபடி நம் படலைக்கு வருவான் என்று நான் பயந்தேன். அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது ராத்தா.