டைனமைட் பெட்டியில மூணு செடி

பாலகாட்
4 மார்ச் 1903

அன்புள்ள லூயிசா,

கர்த்தர் கிருபையில நானும் அம்மாவும் சுகம். பக்கத்துத் தங்கச் சுரங்கம் கோரமண்டல்ல உங்க சித்தி வீட்ல நீயும் சுகமாத்தான் இருப்ப, கோபத்துக்கும் குறைச்சல் இருக்காது.

நீ வுட்டுட்டுப் போன மூணு டின் செடியும் நல்லா இல்ல. அம்மா தெனம் காலையில எல்லாத்துக்கும் ஒரே மாதிரி ஒரு சொம்பு ஊத்துறாங்க. அப்படியும் ஒண்ணு அழுகுது, ஒண்ணு காயுது, ஒண்ணு பூக்கவே மாட்டேங்குது. எது இன்னா செடின்னே எனக்குத் தெரியல. இன்னா பண்ணணும்னு எழுது. இல்ல, பங்களா வேலைய வுட்டுட்டு நீயே வந்துடு. துரைசானி பூந்தொட்டியப் பாத்துக்க நீதான் கெடைச்சியா?

உன் புருஷன்
சாம்ராஜ்

கோரமண்டல்
6 மார்ச் 1903

அன்புள்ள மாமா,

மொதல்ல சிரிச்சேன், அப்புறம் அழுதுட்டேன். ஒரே ரூம்ல ஒரு வருஷம் இருந்தும் எது எதுன்னு தெரியலயா!

அழுகுறது கத்தாழை. தடிச்ச இலை, ஓரமெல்லாம் முள்ளு. தண்ணிய இலைக்குள்ளயே சேத்து வெச்சுக்கும், எவ்ளோ கெட்டிக்காரி பாருங்க! அழுகுன வேரை வெட்டிட்டு, மணல் கலந்து நடுங்க. மண்ணு நல்லா காஞ்சப்புறம்தான் தண்ணி.

காயுறது பெரணி. சீப்புப் பல்லு மாதிரி இலை. வெயிலே ஆகாது. தண்ணிப் பானை பக்கத்துல வைங்க, ஈரம் காயக் கூடாது.

பூக்காதது ரோஜா. இருட்டு மூலையில வெச்சா எப்படி மாமா பூக்கும்? வாசல் வெயிலுக்குத் தூக்குங்க. மண்ணுல விரலை வுட்டுப் பார்த்துட்டு ஊத்துங்க.

இதெல்லாம் யாரும் சொல்லித் தரல. பங்களா வராண்டாவுல ஒவ்வொரு தொட்டியா கெடுத்து, பொழைக்க வெச்சு, நானே கத்துக்கிட்டது. அந்த வேலைய வுட மாட்டேன். வேலையோட வான்னு சொல்லுங்க, நாளைக்கே வர்றேன்.

உங்க
லூயிசா

பாலகாட்
11 மார்ச் 1903

லூயிசா,

உன் கடுதாசிய அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். "ஒரே வூட்ல இருக்கிற செடிக்கு ஆளுக்கொரு சட்டமா? ஒண்ணா வெச்சா தானா பழகிக்கும்"னு சொல்லி, காலி டைனமைட் பெட்டியில மூணையும் சேத்து நட்டுட்டாங்க. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுது.

பங்களாவுல வேலை வேணாம்னு சொல்லிட்டு, ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வந்து சேரு. வரலன்னா பெட்டியோட தூக்கி, தங்கம் எடுத்த கழிவு மண்ணு கொட்டுற சயனைடு மேட்டுல வீசிடுவேன்.

சாம்ராஜ்

கோரமண்டல்
14 மார்ச் 1903

மாமா,

ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? இன்னிக்கு நீங்க ஷிஃப்டுக்கு எறங்குன நேரம் வந்தேன்.

"இன்னாடி, குடும்பம் நடத்த வந்தியா, செடி தோண்ட வந்தியா?"ன்னாங்க அத்தை.

"தோண்டத்தான் அத்தே. பழகிக்குமான்னு ஒரு வருஷம் நானும் பார்த்துட்டேன்"னேன்.

பெட்டிய வுட்டு மூணையும் எடுத்துட்டேன். பெரணியும் ரோஜாவும் என்கூட வந்துடுச்சு. பெரணி கருகிக் கெடக்கு, ஆனா வேர்ல உயிர் இருக்கு. பொழைக்க வெச்சுடுவேன்.

கத்தாழைய மட்டும் தனி டின்ல மணல் போட்டு உங்க ஜன்னலோரம் வெச்சிருக்கேன். அது உங்களுக்கு. தெனம் ஒண்ணும் செய்ய வேணாம். இருக்கா இல்லையான்னு கூடப் பார்க்க வேணாம். கண்டுக்காம வுட்டாலே நல்லா இருக்கும்.

அது உங்களுக்கு நல்லா வரும்.

லூயிசா
பங்களா செடிக்காரி